பேக்கலைட் கைப்பிடி வார்க்கத் தொடங்குபவர்களுக்கு: கியூரிங் முதல் சோதனைச் சான்று வரை

குக்கர் கைப்பிடி, தோசைக்கல் பிடி, மூடிக் குமிழ், மோட்டார் டெர்மினல் போர்டு என்று ஏதாவது ஒன்றை பேக்கலைட்டில் வார்த்துக் கொடுக்கும் சிறு பட்டறை தொடங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலுக்குள் வந்த புதிதில் கிடைத்த அறிவுரை எல்லாம் ஒரே வரிதான்: பவுடரைப் போடு, பிரஸ்ஸை மூடு, நேரம் ஆனதும் எடு. அந்த வரிக்குள் மறைந்திருக்கும் விஷயங்களைத் தெரிந்துகொள்ள நிறையப் பணமும் நிறையக் கழிவும் செலவாயின. உங்களுக்கு அது வேண்டாம்.

வேதியியல் அதிகம் தேவையில்லை. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். பேக்கலைட் என்பது பீனாலிக் ரெசின். அது சூட்டில் முதலில் இளகி ஓடும். பிறகு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். இதைத்தான் கியூரிங் என்பார்கள். இறுகிய பின் மறுபடி உருகாது. அந்தப் பின்னல் எவ்வளவு நெருக்கமாக விழுகிறதோ அந்த அளவுக்குப் பொருள் சூடு தாங்கும். அதாவது, சூடு தாங்கும் திறனில் பாதிதான் பவுடர் மூட்டையோடு வருகிறது. மீதிப் பாதி உங்கள் மோல்டுக்குள் உருவாகவேண்டும். பார்வைக்குக் கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும் கைப்பிடி அரைவேக்காடாக இருக்கலாம். விற்ற பிறகுதான் அது தெரியவரும்.

1. எந்த வகைப் பவுடர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் ‘பேக்கலைட் பவுடர்’ என்ற ஒரே பெயர்தான். உள்ளே இருப்பது வேறு வேறு. மோல்டிங் பவுடர்களில் பெரும்பாலானவை நோவோலாக் வகை. நோவோலாக் தானாக இறுகாது. அதோடு ஹெக்சமின் சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் ரெசின் எடையில் 8 முதல் 15 சதவீதம் வரை. சூட்டில் ஹெக்சமின் உடைந்து பின்னலை உண்டாக்குகிறது, கூடவே அம்மோனியா வாயுவும் வருகிறது. மோல்டைத் திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். மற்றது ரிசால். அதற்குத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, சூடு பட்டாலே இறுகும். அதனாலேயே கிடங்கில் சீக்கிரம் கெட்டுப்போகும். அம்மோனியா ஆகாத மின் உறுப்புகளுக்கு ரிசால் வகைப் பவுடரைக் கேட்பவர்கள் உண்டு. கைப்பிடிக்கு நோவோலாக் போதும்.

அடுத்தது ரெசினோடு கலந்திருக்கும் நிரப்புப்பொருள். இதில்தான் புதியவர்கள் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மரத்தூள் நிரப்பியது மலிவு, எடை குறைவு, மேற்பரப்பு அழகாக வரும். தொடர்ந்து சூட்டில் இருக்கவேண்டிய பொருளுக்கு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ்தான் அதன் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாது அல்லது கண்ணாடி இழை நிரப்பியது 180 டிகிரிக்கும் மேல் போகும். விலை அதிகம், எடை அதிகம், மோல்டையும் வேகமாகத் தேய்க்கும். ரெசின் ஒன்றாகவே இருந்தாலும் மரத்தூள் முதலில் கருகிவிடும் என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

குக்கருக்குள் நீராவி சுமார் 1 கிலோ அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டை மரத்தூள் பவுடர் தாராளமாகத் தாங்கும். கைப்பிடியைக் கெடுப்பது நீராவி இல்லை. பாத்திரத்தின் அடியைத் தாண்டி விளிம்பில் ஏறும் அடுப்புத் தீ. அங்கே வெப்பநிலை பல நூறு டிகிரி. எந்தப் பீனாலிக்கும் 300 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். அந்த இடத்துக்குப் பவுடரை மாற்றுவதைவிடத் தீத்தடுப்புத் தகடு ஒன்றை வடிவமைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். செலவும் குறைவு, பலனும் அதிகம்.

வாடிக்கையாளர் வெள்ளை, பச்சை, ரோஜா நிறம் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பீனாலிக் நாளாக நாளாகக் கருக்கும். கறுப்பும் பழுப்பும்தான் அதற்கு இயல்பு. வெளிர் நிறத்துக்கு மெலமின் அல்லது யூரியா பவுடர் வேண்டும். அதன் சூடு தாங்கும் கணக்கே வேறு.

2. பவுடரோடு மூன்று தாள்கள் வாங்குங்கள்

முதலாவது, தொழில்நுட்பத் தரவுத் தாள். மோல்டிங் வெப்பநிலை, அழுத்தம், சுருக்கம், வெப்ப விலகல் வெப்பநிலை (சுமையில் பொருள் வளையும் சூடு) எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, பாதுகாப்புத் தரவுத் தாள். 16 பிரிவுகள் கொண்டது. கட்டுறாத பீனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று இதில் பாருங்கள். பழைய காலப் பவுடர்களில் சூடு தாங்குவதற்காகக் கல்நார் சேர்த்தார்கள். எங்கோ கிடந்த பழைய இருப்பு மலிவாகக் கிடைக்கிறது என்றால் தாள் இல்லாமல் தொடாதீர்கள். மூன்றாவது, அந்தக் குறிப்பிட்ட தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்று. ஓட்டம் (சூட்டில் பவுடர் எவ்வளவு இளகி ஓடும் என்பது), ஆவியாகும் பொருளின் அளவு, தொகுதி எண், தயாரித்த தேதி நான்கும் அதில் இருக்கவேண்டும்.

பீனாலிக் மோல்டிங் பொருளுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1300. ஆர்டர் கடிதத்தில் ‘கறுப்பு பேக்கலைட் பவுடர் 500 கிலோ’ என்று எழுதாமல், தரத்தின் பெயரையும் ஐ.எஸ். 1300 வகையையும் எழுதுங்கள். பின்னால் சண்டை வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

சில்லறையாக மூட்டை பிரித்து விற்பவரிடம் வாங்கினால் இந்த மூன்றாவது தாள் கிடைக்காது. கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் ஓட்டம் மாறும்; நீங்கள் நேரத்தையும் சூட்டையும் தினமும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

சேமிப்பும் இதோடு சேர்ந்தது. பவுடர் ஈரத்தை இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த மூட்டையைத் தரையில் வைத்தால் மறுநாளே வார்க்கும் பொருளில் கொப்புளம் வரும். மரப் பலகைமேல் வையுங்கள், உள்பை இறுகக் கட்டியிருக்கட்டும், தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். கிடங்குச் சூட்டிலேயே ரெசின் மெல்ல மெல்ல முன்னேறும். பழைய பவுடர் மோல்டை நிரப்பும் முன்பே இறுகி, மூலைகள் அரைகுறையாக நிற்கும். முதலில் வந்த மூட்டையை முதலில் எடுக்கும் பழக்கம் அவசியம்.

3. பிரஸ்ஸும் மோல்டும்: முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

பிரஸ் விற்பவர் ‘100 டன்’ என்பார், ‘50 டன்’ என்பார். உங்களுக்கு எத்தனை டன் வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுத்து, அழுத்தத்தால் பெருக்கவேண்டும். பவுடரைக் குழியில் போட்டு அழுத்தி வார்க்கும் கம்பிரஷன் மோல்டிங்கில் பீனாலிக்குக்குப் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 140 முதல் 350 கிலோ வரை தேவைப்படும். ஆழமான வடிவத்துக்கு அதிகம், முன்கூட்டியே சூடாக்கிய பவுடருக்குக் குறைவு.

ஒரு கைப்பிடியின் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர், மோல்டில் 4 குழிகள் என்றால் 240. அதை 250 கிலோவால் பெருக்கினால் 60,000 கிலோ, அதாவது 60 டன். ஆகவே 75 டன் பிரஸ் வாங்கலாம். 50 டன்னில் இந்த மோல்டு ஓடாது. அழுத்தம் போதாத பிரஸ்ஸில் வார்த்த கைப்பிடியில் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பிசிறு தடிமனாகும், உள்ளே நுண்துளைகள் நிற்கும்.

பிரஸ்ஸின் மானியில் தெரியும் எண்ணும் மோல்டுக்குள் இருக்கும் அழுத்தமும் ஒன்றல்ல. ராமின் (மோல்டை அழுத்தும் ஹைட்ராலிக் தண்டின்) விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 60,000 கிலோ வேண்டுமானால் மானி சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 191 கிலோ காட்டவேண்டும். இந்த எண்ணைப் பெயிண்டில் பிரஸ்மீதே எழுதிவைத்தால் ஷிப்ட் மாறும்போது யாரும் குழம்பமாட்டார்கள்.

மோல்டு செய்யக் கொடுக்கும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, எஃகு கடினமாக்கப்பட்டு ஹார்டு குரோம் பூசப்படும் என்பது. வாயுக்களும் நிரப்புப்பொருளும் வெறும் எஃகை அரித்துவிடும். இரண்டு, பவுடர் கொள்ளும் இடம். தளர்ந்த பவுடர் இறுகிய பொருளைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இடம் பிடிக்கும். குழிக்கு மேல் அந்த அளவு ஆழம் இல்லாவிட்டால் பவுடர் வெளியே சிந்தும்.

மூன்று, சுருக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மரத்தூள் பவுடர் 0.5 முதல் 0.9 சதவீதம் வரை சுருங்கும். கண்ணாடி இழைப் பவுடர் அதில் பாதிகூடச் சுருங்காது. 160 மில்லிமீட்டர் நீளக் கைப்பிடி 0.7 சதவீதத்தில் 1.1 மில்லிமீட்டர் குறையும், 0.3 சதவீதத்தில் அரை மில்லிமீட்டர்தான் குறையும். மரத்தூளுக்கு வெட்டிய மோல்டில் பின்னால் ‘சூடு தாங்கும் தரம்’ போட்டால் கைப்பிடி 0.6 மில்லிமீட்டர் நீளமாக வரும், திருகுத் துளைகள் பாத்திரத்தோடு பொருந்தாது. மோல்டை வெட்டிய பிறகு பவுடரை மாற்றுவது மோல்டையே மாற்றுவது போல என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாதாரணப் பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் தெரிந்தவர்கள் இங்கே வந்தால் மோல்டுக்குக் குளிர்நீர்க் குழாய் கேட்பார்கள். தேவையில்லை. இங்கே மோல்டு எப்போதும் சூடாகத்தான் இருக்கும். பொருள் சூட்டில் இறுகுவதால் சூடாகவே வெளியே எடுக்கலாம். வேண்டியது குளிரூட்டும் ஏற்பாடு இல்லை, சூடு வெளியே போகாமல் தடுக்கும் ஏற்பாடு. ஹீட்டர்த் தட்டுக்கும் பிரஸ்ஸின் உடலுக்கும் நடுவே வெப்பத்தடுப்புப் பலகை வையுங்கள். பழைய பிரஸ் வாங்கினால் அந்தப் பலகை கல்நார் ஆக இருக்கலாம். கழற்றும் முன் விசாரியுங்கள்.

காலையில் சூடேறும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 200 கிலோ எஃகு மோல்டை 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 3.8 யூனிட் மின்சாரம் வேண்டும். 6 கிலோவாட் ஹீட்டர் என்றால் இழப்பே இல்லாவிட்டாலும் 38 நிமிடம்; நடைமுறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். தொழிலாளி 8 மணிக்கு வந்து சுவிட்சைப் போட்டால் முதல் நல்ல கைப்பிடி 9 மணிக்குப் பிறகுதான். டைமர் வைத்து முன்கூட்டியே சூடேற்றுங்கள்.

4. சூட்டை மோல்டின் பரப்பில் அளங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ‘170’ என்று சிவப்பு எழுத்தில் தெரிவது தெர்மோகப்பிள் என்னும் சூட்டை உணரும் கம்பி செருகிய இடத்தின் சூடு. அது ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் பெட்டி 170 காட்டும்போது குழியின் ஓரம் 155 ஆக இருக்கலாம். பரப்பைத் தொட்டு அளக்கும் பைரோமீட்டர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு குழியிலும் நடுவிலும் இரு முனைகளிலும் அளங்கள். பளபளக்கும் குரோம் பரப்பில் அகச்சிவப்புத் துப்பாக்கி தவறான எண்ணைக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

பொதுவான மோல்டு வெப்பநிலை 150 முதல் 190 டிகிரி வரை. வினையின் வேகம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே 10 டிகிரி குறைந்த குழியில் அதே நேரத்தில் எடுத்த கைப்பிடி பாதிதான் வெந்திருக்கும். நான்கு குழிகளில் மூன்றில் நல்ல பொருளும் ஒன்றில் மட்டும் கெட்ட பொருளும் வந்தால் பவுடரைக் குறை சொல்லும் முன் அந்தக் குழியின் சூட்டைப் பாருங்கள். அதனால்தான் குழிகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் பொறிக்கச் சொல்கிறேன். கைப்பிடியின் உட்பக்கத்தில் அந்தச் சிறு எண் பதிந்திருந்தால் திரும்பி வரும் சரக்கே காரணத்தைச் சொல்லிவிடும்.

அடிக்கடி நடக்கும் இன்னொன்று: வரிசையில் ஒரு கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் மட்டும் எரிந்துபோகும். மற்றவை கூடுதல் நேரம் ஓடி எண்ணைச் சரியாகவே காட்டும். கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஹீட்டர் கம்பியிலும் மாட்டி மின்னோட்டத்தைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. வாரம் ஒருமுறை செய்யுங்கள்.

சூட்டைத் தேவைக்கு மேல் ஏற்றி நேரத்தைக் குறைக்கும் ஆசை வரும். 190 டிகிரியைத் தாண்டினால் பவுடர் குழியை நிரப்பும் முன்பே மேல்தோல் இறுகிவிடும். உள்ளே மாட்டிய வாயு வெளியேற வழி இருக்காது.

5. நேரம்: மிகத் தடித்த இடம்தான் அளவுகோல்

சராசரித் தடிமனை வைத்து நேரம் போடாதீர்கள். கைப்பிடியில் திருகு செல்லும் தூண்தான் பெரும்பாலும் தடித்த இடம், அதிகச் சுமை விழும் இடமும் அதுதான். பீனாலிக் சூட்டைக் கடத்தாத பொருள். அதனால்தான் கைப்பிடிக்கு உகந்தது, அதனால்தான் அதன் நடுப்பகுதி சூடாக இவ்வளவு நேரம் ஆகிறது. எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டால் பஜ்ஜி வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்குமே, அதே கதைதான்.

தொடக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 முதல் 60 விநாடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் தூண், குளிர்ந்த பவுடர், மில்லிமீட்டருக்கு 45 விநாடி என்றால் 6 நிமிடம். எடுக்க, ஊத, நிரப்ப ஒன்றரை நிமிடம். ஆக ஒரு சுற்று ஏழரை நிமிடம். ஷிப்டில் உருப்படியாக 7 மணி நேரம் ஓடினால் 56 சுற்று. 4 குழிக்கு 224 கைப்பிடி.

இதே பவுடரை மாத்திரையாக அழுத்தி, உயர் அதிர்வெண் முன்சூடாக்கியில் 90 முதல் 110 டிகிரி வரை சூடாக்கிப் போட்டால் கியூரிங் நேரம் பாதியாகக் குறைய வாய்ப்புண்டு. 3 நிமிடம் என்று வையுங்கள். சுற்று நாலரை நிமிடம், 93 சுற்று, 372 கைப்பிடி. ஒரு ஷிப்டுக்கு 148 கூடுதல். முன்சூடாக்கி வாங்கும் செலவை இந்த 148-இல் உங்களுக்கு நிற்கும் லாபத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை ஷிப்டில் திரும்பும் என்பது உடனே தெரியும். ஈரமும் முன்சூட்டிலேயே போய்விடும் என்பது கூடுதல் ஆதாயம். முன்சூடாக்கிய மாத்திரையை உடனே போட்டு உடனே மூடவேண்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டு நின்றால் அது கையிலேயே இறுகத் தொடங்கும்.

விலைப்புள்ளி கொடுக்கும்போது இந்த நேரத்தைச் சோதித்துப் பார்த்த பிறகே எண் சொல்லுங்கள். வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டப்படுவது கியூரிங் நேரம்தான். வெட்டப்பட்டது பார்வைக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

6. காற்று விட மறக்காதீர்கள்

மோல்டு மூடிய சில விநாடிகளில் பிரஸ்ஸைக் கணநேரம் சற்றே தளர்த்தி மறுபடி மூடவேண்டும். பட்டறையில் இதைக் காற்று விடுவது என்பார்கள். ஈரம், அம்மோனியா, சிக்கிய காற்று எல்லாம் அந்தக் கணத்தில் வெளியேறும். சீக்கிரம் விட்டால் வாயு இன்னும் உருவாகியிருக்காது. தாமதித்தால் பொருள் பாதி இறுகி, மறுபடி மூடும்போது விரிசல் விழும். மூடியதிலிருந்து 5 முதல் 15 விநாடிக்குள் முயன்று பாருங்கள். உங்கள் பவுடருக்கு எது சரி என்பது ஒரு காலைப் பொழுதில் தெரிந்துவிடும்.

கொப்புளம் வந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று அழுங்கினால் வேகவில்லை, நேரத்தைக் கூட்டுங்கள். கல்போலக் கடினமாக இருந்தால் சூடு அதிகம். மேல்தோல் முன்கூட்டியே இறுகி வாயுவைச் சிறைப்பிடித்திருக்கிறது. நேரத்தைக் கூட்டியும் மெத்தென்ற கொப்புளம் போகவில்லை என்றால் பவுடரில் ஈரம். மூன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் அழுத்தத்தைக் கூட்டும் மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கூட்டினால் பிசிறுதான் கூடும்.

7. வெந்ததா என்று பட்டறையிலேயே பார்க்கும் வழிகள்

ஷிப்டின் முதல் கைப்பிடி, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று எடுத்துத் திருகுத் தூணின் குறுக்கே ஹேக்ஸா பிளேடால் அறுங்கள். நன்றாக வெந்தது என்றால் வெட்டுமுகம் விளிம்பிலிருந்து நடுவரை ஒரே நிறமாக, இறுக்கமாக இருக்கும். நடுவில் மட்டும் மங்கலாக, பொரபொரவென்று, நகத்தால் சுரண்டினால் தூள் உதிர்ந்தால் அது அரைவேக்காடு. அறுத்த உடனே முகர்ந்தால் அம்மோனியா நெடியும் தூக்கலாக இருக்கும்.

இரண்டாவது வழி கொதிநீர். கைப்பிடியைக் கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாலோ, வீங்கினாலோ, தண்ணீர் நிறம் மாறினாலோ கியூரிங் போதவில்லை.

எண்ணாகவே வேண்டும் என்றால் அசிட்டோன் சோதனை. பொருளைத் தூளாக்கி அசிட்டோனில் கொதிக்கவைத்து, எவ்வளவு கரைந்தது என்று எடை பார்ப்பார்கள். பின்னலில் சேராத ரெசின்தான் கரையும். ஆகவே எண் குறைவாக இருந்தால் கியூரிங் நல்லது. இதைப் பட்டறையில் செய்யாதீர்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்திலேயே சூடான மோல்டு இருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒரே பவுடரில் 3, 4, 5, 6 நிமிடம் வைத்த நான்கு கைப்பிடிகளை அனுப்பினால் எண் எங்கே குறைவது நிற்கிறது என்று தெரியும். அதற்குச் சற்று மேல் உங்கள் நேரத்தை வையுங்கள். தொழில் தொடங்கும் மாதத்தில் செய்யத்தகுந்த மிகப் பயனுள்ள செலவு இது.

பித்தளைச் செருகு (பொருளுக்குள் பதித்து வார்க்கும் உலோகத் துண்டு) வைத்து வார்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். பீனாலிக்கும் பித்தளையும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. செருகைச் சுற்றிச் சுவர் மெலிந்திருந்தால் ஆறும்போதோ, சில வாரம் கழித்தோ முடியிழை போல விரிசல் ஓடும். செருகை முன்கூட்டியே சூடாக்கிப் போடுங்கள். கூர்முனை இருக்கக் கூடாது.

8. போஸ்ட் கியூர்: எல்லோருக்கும் வேண்டியதில்லை

மோல்டில் முடிந்த பின் அடுப்பில் வைத்து மேலும் வேகவைப்பது இது. மரத்தூள் கைப்பிடிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. 150 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யவேண்டிய தாது, கண்ணாடி இழைப் பொருளுக்கு இது பெரும் வித்தியாசம் தரும். வெப்ப விலகல் வெப்பநிலை நன்றாக ஏறும்.

நேராக 190 டிகிரியில் வைத்தால் கொப்புளம் வரும். படிப்படியாக ஏற்றவேண்டும். மெல்லிய பொருளுக்கு 150 டிகிரியில் 2 மணி, 165-இல் 4 மணி, 190-இல் 4 மணி என்று தொடங்கலாம். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடினால் நேரத்தை இரட்டியுங்கள். பவுடர் தயாரிப்பாளரின் அட்டவணை இருந்தால் அதுவே முதன்மை. அடுப்புக்குள் காற்று சுழலவேண்டும். புகைபோக்கி வெளியே போகவேண்டும். பொருள் மேலும் கொஞ்சம் சுருங்கும் என்பதை மோல்டு அளவிலேயே சேர்த்திருக்கவேண்டும். மொத்தத்தில் 10 முதல் 20 மணி நேரம் பிடிக்கும் வேலை இது. விநியோகத் தேதி சொல்லும்போது ஒரு நாள் சேர்த்துச் சொல்லுங்கள்.

9. ‘எத்தனை டிகிரி தாங்கும்?’ என்று கேட்டால்

ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: எவ்வளவு நேரம்? எவ்வளவு சுமையில்? தீ நேராகப் படுமா?

தரவுத் தாளில் முதலில் கண்ணில் படுவது வெப்ப விலகல் வெப்பநிலை. குறிப்பிட்ட சுமையில், சூட்டைச் சீராக ஏற்றும்போது சோதனைச் சட்டம் எந்த டிகிரியில் குறிப்பிட்ட அளவு வளைகிறது என்பதுதான் அது. ஐ.எஸ்.ஓ. 75 முறை. ஓரிரு மணி நேரத்தில் முடியும் சோதனை. ஆயிரக்கணக்கான மணி நேரம் சூட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. நீண்டகாலச் சூட்டுக்கான எண் வேறு, பெரும்பாலும் அதைவிடக் குறைவு. விலகல் எண்ணைத் தொடர் பயன்பாட்டு எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்ளும் பட்டறைகள் பல.

தீயில் பீனாலிக் உருகிச் சொட்டாது, கரியாகும். புகையும் குறைவு. இது நல்ல குணம். ஆனாலும் கரியான கைப்பிடிக்கு வலிமை இருக்காது. ‘தீப்பிடிக்காது’ என்று அட்டையில் அச்சிடாதீர்கள்.

10. ஆய்வகச் சான்று

ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. உங்களுக்கு வேண்டிய குறிப்பிட்ட சோதனை அதன் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். சென்னை கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் சோதனை வசதி உண்டு, அங்கேயே விசாரிக்கலாம்.

விலகல் சோதனைக்குக் கைப்பிடியை அப்படியே கொடுக்க முடியாது. 80 × 10 × 4 மில்லிமீட்டர் அளவில் சட்டங்கள் வேண்டும். அதற்கு ஒரு சிறு மோல்டு செய்து வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் பிரஸ்ஸில், உங்கள் சூட்டில், உங்கள் நேரத்தில் வார்த்த சட்டத்தைச் சோதித்தால்தான் அது உங்கள் சான்று. பவுடர் நிறுவனத்தின் சான்றை நகலெடுத்துக் கொடுத்தால் வாடிக்கையாளரின் தரப் பிரிவு முதல் கேள்வியிலேயே பிடித்துவிடும்.

குக்கர் நிறுவனத்துக்குக் கைப்பிடி கொடுப்பவர்கள் ஐ.எஸ். 2347-ஐ வாங்கிப் படிக்கவேண்டும். வீட்டுப் பிரஷர் குக்கருக்கான தர நிர்ணயம் அது. 2020-இல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை குக்கர் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் கைப்பிடி தோற்றால் சரக்கு உங்களிடம்தான் திரும்பி வரும்.

11. அரசு ஆவணங்கள், சுருக்கமாக

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. இரண்டுக்கும் பணம் கேட்கும் இடைத்தரகர்களுக்கும், அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களுக்கும் இரையாகாதீர்கள்.

நேரம் பிடிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு. நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என்று இரண்டு. முதலாவதை வாங்காமல் பிரஸ்ஸை இறக்காதீர்கள். கட்டணம் உங்கள் முதலீட்டின் அளவைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் ‘பிளாஸ்டிக் மோல்டிங்’ என்று மட்டும் எழுதாமல், ரெசின் தயாரிக்கவில்லை, ஆயத்த மோல்டிங் பவுடரைத்தான் வார்க்கிறோம் என்று தெளிவாக எழுதுங்கள். பீனாலையும் பார்மால்டிஹைடையும் கொதிகலனில் சேர்த்து ரெசின் காய்ச்சும் தொழிற்சாலைக்கான கண்டிப்பு வேறு. அந்தக் குழப்பம் வந்தால் கோப்பு நகராது. வாடகைக் கட்டடம் என்றால் ஒப்பந்தத்தில் தொழில் பயன்பாட்டுக்கு என்று இருக்கவேண்டும்.

தொழிலாளர் எண்ணிக்கை கூடினால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பதிவும் தேவைப்படும். வங்கிக் கடனுக்குப் போகும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களைக் கேளுங்கள். இயந்திரம் வாங்கிய பிறகு கேட்டால் பல திட்டங்களில் இடமில்லை.

12. புகை, தூசி, கழிவு

கியூரிங் வாயுவில் அம்மோனியாவும் கொஞ்சம் பார்மால்டிஹைடும் இருக்கும். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பிரஸ்ஸின் பக்கத்தில் நிற்பவர் நாள்முழுதும் அதைச் சுவாசிக்கிறார். சுவரில் ஒரு மின்விசிறி போதாது; ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் மேலே உறிஞ்சு குடையும் வெளியே போகும் குழாயும் வையுங்கள். பிரஸ் வாங்கும் பட்டியலிலேயே இந்தச் செலவையும் எழுதிவிட்டால் பின்னால் தள்ளிப்போடத் தோன்றாது.

பிசிறு தட்டும் இடத்திலும் மெருகேற்றும் இடத்திலும் பறக்கும் தூசிக்கு முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் வேண்டும். மரத்தூளும் ரெசினும் கலந்த நுண்தூசி காற்றில் அடர்ந்தால் தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. அழுத்தக் காற்றால் ஊதித் தரையைச் சுத்தம் செய்யாதீர்கள்.

பிசிறையும் கெட்ட கைப்பிடியையும் மறுபடி உருக்க முடியாது என்பதால் சாதாரணப் பழைய பிளாஸ்டிக் வியாபாரி வாங்கமாட்டார். அரைத்து நிரப்புப்பொருளாகச் சிறிதளவு சேர்க்கும் பவுடர் தயாரிப்பாளர்கள் உண்டு. உங்களுக்குப் பவுடர் தருபவரிடமே கேளுங்கள். பட்டறைக்குப் பின்னால் குவித்து எரிப்பது குற்றம், அந்தப் புகை நச்சு. பிரஸ்ஸிலிருந்து மாற்றும் பழைய ஹைட்ராலிக் எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். வாரியத்தின் ஆய்வாளர் வரும்போது அந்த ரசீதுகளைக் கேட்பார்.